அந்தக் கடலை யார் படம் எடுத்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ‘124 ஒளியாண்டு தொலைவில் உயிர்கள்! குடியேறலாமா?’ கட்டுரையைப் படித்தேன். அட்டையில் நீலக்கடல் ததும்பும் ஒரு கோள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதை வெட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் சார்ட்டில் ஒட்டிவிட்டு, “தாத்தா, இந்த போட்டோவை எந்த ராக்கெட்டிலிருந்து எடுத்தாங்க?” என்று கேட்டாள். யாரும் எடுக்கவில்லை, ஓவியர் வரைந்தது என்றதும் முகம் சுண்டிப்போயிற்று. படத்துக்குக் கீழே ‘கற்பனை ஓவியம்’ என்று இரண்டு சொல் போட்டிருக்கலாமே.

கே2-18பி என்ற அந்தக் கோளை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. 2015-இல் கெப்ளர் தொலைநோக்கி கண்டுபிடித்தது. பூமியைப் போல எட்டு மடங்குக்கும் மேல் நிறை, சிவப்புக் குறுமீன் எனப்படும் சிறிய, மங்கலான விண்மீன் ஒன்றைச் சுற்ற 33 நாள். அது விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது, விண்மீனின் ஒளியில் துளியூண்டு, கோளின் காற்று மண்டல விளிம்பில் புகுந்து வரும். அந்த ஒளியில் எந்த அலைநீளம் மங்குகிறது என்று பார்த்து, இன்ன வாயு இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் 2023-இல் மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் இப்படித்தான் தெரிந்தன.

சரி, உயிர் எங்கே வந்தது? 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு, டைமெத்தில் சல்ஃபைடோ டைமெத்தில் டைசல்ஃபைடோ, அல்லது இரண்டுமோ இருப்பதற்கான தடயம் தெரிவதாக அறிவித்தது. பூமியில் இவற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலின் நுண்பாசிகள். கடற்கரையில் மூக்கில் ஏறும் வாடையில் டைமெத்தில் சல்ஃபைடுக்கும் பங்குண்டு. கடலோரத்துக்காரனான எனக்கு அந்தச் செய்தி கொஞ்சம் சிலிர்ப்பாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் குழு சொன்னது ‘மூன்று சிக்மா’ உறுதி; ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான அளவுகோல்தான் சிக்மா. அளவீட்டில் தற்செயலாக வரும் தடுமாற்றமே இப்படியொரு தடயத்தைக் காட்டிவிட ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு. கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ள ஐந்து சிக்மா வேண்டும். அங்கே அந்த வாய்ப்பு பதினைந்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. இன்னும் 16 முதல் 24 மணி நேரம் வெப் கிடைத்தால் அதை எட்டலாம் என்று அவர்களே சொன்னார்கள். அப்புறம் வேறு குழுக்கள் அதே தரவை எடுத்து ஆராய்ந்துவிட்டு, தடயம் அவ்வளவு வலுவாக இல்லை என்றன. போதாததற்கு, உயிரே இல்லாத 67பி வால்மீனிலும் டைமெத்தில் சல்ஃபைடு இருந்திருக்கிறது. அந்தக் கோளில் கடலே கிடையாது, கீழே உருகிய பாறைதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. ‘இந்திய வம்சாவளி விஞ்ஞானி’ என்று அரைப்பக்கம் பெருமைப்பட்ட கட்டுரை, அந்த விஞ்ஞானியே வைத்த எச்சரிக்கைக்கு ஒரு வரி கூட ஒதுக்கவில்லை.

‘வாழத்தகு மண்டலத்தில் இருக்கிறது’ என்பதையும் ‘வாழலாம்’ என்று எழுதிவிட்டார்கள். விண்மீனிலிருந்து அந்தத் தொலைவில் நீர் திரவமாக நிற்க வாய்ப்புண்டு என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. வெள்ளி ஏறக்குறைய பூமி அளவுதான், அண்டை வீடுதான். தரையில் வெப்பம் 460 டிகிரிக்கு மேல். 1982-இல் அங்கே இறங்கிய சோவியத்தின் வெனரா 13 இரண்டு மணி நேரம் ஏழு நிமிடம்தான் தாக்குப்பிடித்தது.

குடியேறுவதைப் பற்றி என்ன சொல்ல! வாயேஜர் 1 நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே வேகத்தில் கே2-18பி-க்குப் போய்ச்சேர இருபது லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். மூட்டை முடிச்சைக் கட்டுவதற்கு முன் இதையும் சொல்லியிருக்கலாம்.

பேத்தியின் சார்ட்டில் படத்துக்குக் கீழே ‘இது வரைந்த படம்’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டோம். உங்கள் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால், அதையும் வெட்டிப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம்.