ஆகஸ்டில் வராதே, செப்டம்பரில் வா

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நாங்கள் நலம், உன் அப்பாவின் முட்டிவலியைத் தவிர.

ஹாம்பர்க்கிலிருந்து ஆபீஸ் தோழிகள் ரெண்டு பேரைத் துருக்கிக்கு, நம் ஊர் உசுன்கோப்ருவுக்குக் கூட்டி வரப்போவதாகச் சொன்னாயே, தாராளமாகக் கூட்டி வா, ஆனால் ஆகஸ்டில் வேண்டாம். அந்த வெயிலில் எர்கெனே ஆற்றில் தண்ணீர் வற்றி, சோர்லு, செர்கெஸ்கோய் பக்கத்து ஆலைகள் விட்ட கழிவுதான் கறுப்பாக நிற்கும். பாலத்தடியில் நின்று யாரும் நிம்மதியாக மூச்சு விட முடியாது. செப்டம்பரில் என்றால் நெல் அறுப்பு, சூரியகாந்தியும் வீட்டுக்கு வந்திருக்கும், ஊர் கொஞ்சம் கலகலப்பாக இருக்கும்.

இத்தனூண்டு ஆற்றுக்கு எதற்கு 1,392 மீட்டர் பாலம் என்று உன் தோழி கேட்டாளாமே, நல்ல கேள்விதான். பாலம் கட்டியது ஆற்றுக்கு மட்டும் இல்லை, சுற்றி இருந்த சதுப்புக்கும் சேர்த்து. அப்போது ஒட்டோமான் ஆட்சிக்கு எதிர்னேதான் தலைநகரம், படை கலிபோலி பக்கம் போக இந்த வழி வேண்டும், மழைக்காலத்தில் ஆறு கரை மீறிப் பரவும், மரப்பாலம் போட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் சுல்தான் இரண்டாம் முராத் 1420களில் ஆரம்பித்து 1440களில் முடித்தார், 174 வளைவுகள். பாலம் காக்க ஆள் வேண்டுமே, மசூதி, மதரஸா, ஏழைகளுக்குச் சோறு போட ஒரு சமையற்கூடம் எல்லாம் கட்டிக் குடியேற்றினார்கள், அந்தக் குடியிருப்புதான் நாம். வளைவுகளை உற்றுப் பார்க்கச் சொல், சில கூர்முனை, சில உருண்டை, எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கல்லில் யானை, சிங்கம், பறவை எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். யானையைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடு, நீ சின்ன வயதில் அதைத் தேடி என் உயிரை எடுத்தாய்.

லாரியும் பஸ்ஸும் அதன் மேலேயே ஓடிய காலம் போய்விட்டது, இப்போது வண்டிகள் புதுப் பாலத்தில் போகின்றன. கல்லுக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள் தண்ணீரை மட்டும் எப்படி விட்டார்கள் என்று உன் அப்பா தினமும் டீக்கடையில் கத்திவிட்டு வருகிறார், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு அந்தக் கோபம் இருக்காதா?

சரி, ஆற்றை அவர்களுக்குக் காட்டாதே, மானம் போகும் என்று நீ போனில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கெடுத்தது நாம் இல்லையே, நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? பாலத்துக்குக் கூட்டிப் போனால் கீழேயும் பார்க்கட்டும், கேட்டால் உள்ளதைச் சொல்.

இஸ்தான்புல் ஹல்கலியில் ரயில் ஏறினால் எனக்கு முன்னாடியே போன் பண்ணு, நம் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருப்பது உனக்குத் தெரியும், அப்பா வண்டி கொண்டு வருவார். ரெண்டு பேரும் ஈரல் வறுவல் சாப்பிடுவார்களா? இல்லையென்றால் பீன்ஸ் குழம்பும் சோறும் வைக்கிறேன். உனக்கு அரிசி எடுத்து வைத்திருக்கிறேன், எண்ணெயும் தரலாம், விமானத்தில் விடுவார்களா என்று விசாரித்துச் சொல். அப்புறம், அப்பாவின் முட்டிக்குப் போன தடவை கொண்டுவந்த தைலம் தீர்ந்துவிட்டது, ரெண்டு டியூப் வாங்கி வா.

அம்மா