பெல்ட் என் கையில், வண்டி எப்படி வரும்?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: டைமிங் பெல்ட் கிட்டுடன் வந்த தவறான குறிப்புத் தாள் குறித்த புகார்

ஐயா, வணக்கம்.

இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்றுதான் பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் சொன்னேன்.

கிட்டில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் உருளையான ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் இருந்தன. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் ஒத்துச் சுழல வைப்பது இந்த பெல்ட்தான். பொருளைக் குறை சொல்லமாட்டேன். குறை அந்த ஒற்றைத் தாளில். நாலைந்து எஞ்சினுக்கும் சேர்த்து ஒரே தாளை அடித்திருக்கிறீர்கள். கிராங்கின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் சாவிப் பள்ளம் நேர் மேலே நிற்க வேண்டும் என்று அதில் படம். என் எஞ்சினில் ஸ்ப்ராக்கெட்டின் சின்னப் புள்ளிதான் ஆயில் பம்ப்மேல் உள்ள கோட்டுக்கு நேராக வர வேண்டும். விற்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தாளை நம்பி மாட்டினேன். கேம் சரியாக நின்றது, கிராங்க் மூன்று பல் தள்ளி நின்றது.

நல்லவேளை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். கிராங்க் முழுதாக 2 சுற்று வந்தால்தான் கேம் ஒரு சுற்று வரும். எனக்கு ஒரு சுற்றே முடியவில்லை, இடித்து நின்றுவிட்டது. உடனே உங்களுக்குப் போன் போட்டேன். “புது பெல்ட் டைட்டாத்தான் சார் இருக்கும். செல்ஃப் அடிங்க, தானா சரியாயிடும்” என்றார் உங்கள் ஆள். வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்கிற எஞ்சினில் செல்ஃப் அடிக்கச் சொல்கிறார்! அடித்திருந்தால் வால்வுகள் வளைந்து, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். அடிக்கமாட்டேன் என்றேன். “வீடியோ பார்த்து எஞ்சினைப் பிரிச்சா இப்படித்தான்” என்று சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

சர்வீஸ் சென்டர் கதையைச் சொல்லவில்லையே. அது இதற்கு இரண்டு நாள் முன்போ பின்போ. பெல்ட்டைக் கழற்றி எடுத்து வரச் சொன்னார்கள். கழற்றி, இரண்டு பஸ் மாறிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பையைக்கூடப் பிரிக்கவில்லை. “வண்டியைக் கொண்டு வந்தால்தான் பார்ப்போம்” என்றார். பெல்ட் என் கையில் இருக்கிறது, வண்டி எப்படி ஐயா வரும்?

கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர்தான் அந்தப் புள்ளியில் இருந்த அழுக்கைத் துடைத்துக் காட்டினார். மறுபடி மாட்டி 2 சுற்று சுற்றியபோது பெல்ட்டின் வெள்ளைக் கோடுகள் குறிகளை விட்டு விலகியிருந்தன. பதறிவிட்டேன். அந்தக் கோடு மாட்டும்போது மட்டும்தான், சுற்றியபின் ஸ்ப்ராக்கெட் குறிகளைப் பார்த்தால் போதும் என்றார். இந்த ஒரு வரியை உங்கள் தாளில் அடிக்க எவ்வளவு மை செலவாகும்?

மூன்று வாரம் வண்டி இல்லை. என் பிழைப்பே போய்விட்டது.

உங்கள்மேல் இன்னும் மரியாதை வைத்திருக்கிறேன். தயவுசெய்து சரியான தாளை அனுப்புங்கள், எனக்கான இழப்பீட்டைத் தாருங்கள். செல்ஃப் அடிக்கச் சொன்னவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம். அங்கேயும் “கருத்துக்கு நன்றி” என்று சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தாளை நம்பிய வாடிக்கையாளர்

பி.கு: கழற்றிய பழைய பெல்ட்டையும் அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.