அடுத்த வருடக் கோப்பை உங்கள் கையில்தான் இருக்கிறது: நம் கால்பந்து அணி பற்றி பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பையன்கள் மாவட்டக் கோப்பையை வாங்கி வந்ததிலிருந்து, பள்ளி வாசலிலும் சரி, பேருந்து நிறுத்தத்திலும் சரி, என்னைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், அடுத்த வருஷமும் கப் நமக்குத்தானே?" எனக்கும் அதே ஆசைதான். ஆனால் இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேரில் ஏழு பேர் பன்னிரண்டாம் வகுப்பு, பொதுத்தேர்வு முடிந்ததும் போய்விடுவார்கள், கோல்கீப்பரும், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற இரண்டு ஸ்டாப்பர்களும் அதில் அடக்கம். மிச்சமிருப்பது இன்று ஒன்பதிலும் பத்திலும் படிக்கிற பிள்ளைகள். அவர்களை மாலையில் மைதானத்துக்கு விடுவதா, நிறுத்திவிட்டு டியூஷனுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கப்போவது நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கால்பந்து ஆடுகிற பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்த நாலைந்து பையன்கள் ஒரே வகுப்பில் வந்து சேர்வார்கள், இரண்டு வருடம் அந்த அணியை யாராலும் அசைக்க முடியாது, தலைமையாசிரியர் அறையில் புகைப்படம் மாட்டுவார்கள், அந்த செட் படிப்பு முடித்துப் போனதும் குறுவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே. அப்புறம் பத்து வருடத்துக்கு "அந்த மாதிரி செட் இனி வராது" என்று பேச்சு. செட் தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது என்பது என் முடிவு. ஆறாம் வகுப்பிலிருந்தே அணியை வளர்க்க வேண்டும், வளர்த்த பிள்ளை பாதியில் நின்றுவிடக் கூடாது, இந்த இரண்டும் நடந்தால் எந்த வருடமும் நாம் நல்ல அணியோடு இறங்கலாம்.

இதற்கு ஒரு பள்ளியை உதாரணமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் கான்கார்டு என்ற ஊரில் டி லா சால் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே ஆடுவது நம் கால்பந்து இல்லை, தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. ஆட்டம் வேறு, ஆனால் பள்ளிக்கூடத்தில் அணியை வளர்க்கிற வேலை ஒன்றுதான். 1979-இல் பாப் லடூசர் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தபோது, அதுவரை ஒரு பருவத்தில்கூட அந்தப் பள்ளி தோற்றதைவிட அதிகமாக ஜெயித்தது கிடையாது. அதே பள்ளி 1992-இலிருந்து 2003 வரை பன்னிரண்டு பருவங்களில் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, தொடர்ச்சியாக 151 வெற்றி. 2004 செப்டம்பரில் சியாட்டில் நகரில் பெல்வியூ பள்ளியிடம் தோற்றபோதுதான் அந்தத் தொடர் நின்றது. பன்னிரண்டு வருடம் என்றால் எத்தனை செட் பையன்கள் உள்ளே வந்து வெளியே போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா செட்டும் பிறவித் திறமைசாலிகளாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. லடூசர் 2013 தொடக்கத்தில் ஓய்வு பெற்ற பிறகும் அணி விழவில்லை. 1992-இல் தொடங்கி 2021 வரை வடக்கு கலிஃபோர்னியாவில் எந்தப் பள்ளியும் அவர்களை வெல்லவில்லை.

அவர்களிடம் இருக்கிற வசதியும் பணமும் நம்மிடம் இல்லை, அது தனியார் பள்ளி, நம்மோடு ஒப்பிட முடியாது. ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியத்துக்குப் பணமே தேவையில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒவ்வொரு பையனும் ஒரு சின்ன அட்டையில், உடற்பயிற்சியில் இந்த வாரம் என்ன செய்யப்போகிறேன், பயிற்சியில் என்ன, ஆட்டத்தில் என்ன என்று தன் கையால் எழுதி, அணியில் இன்னொரு பையனிடம் எல்லோர் முன்னாலும் வாசித்துக் கொடுப்பான். சொன்னதைச் செய்தானா என்று கேட்கிற உரிமை அந்த நண்பனுக்கு உண்டு.

நாமும் போன பருவத்தில் இதைத் தொடங்கினோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிய அட்டை என் மேஜையில் இருக்கிறது, பழைய நோட்டு அட்டையைக் கிழித்து எழுதியது: "இந்த வாரம் இடது காலால பாஸ் பண்ணுவேன். பந்து போயிட்டா கையத் தூக்கிட்டு நிக்காம திரும்பி ஓடுவேன்." எழுத்துப் பிழை இருந்ததைத் தமிழாசிரியை திருத்தினார், மற்றபடி அதில் திருத்த எதுவுமே இல்லை. பந்தைப் பறிகொடுத்ததும் கையைத் தூக்கி நடுவரைப் பார்க்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய உண்டு, நம் அணி வாங்கிய கோல்களில் பாதி அந்த ரெண்டு மூன்று நொடிகளில் வாங்கியதுதான். அவன் அட்டையை வாங்கியவன் எதிர்வீட்டுப் பையன். வாரம் முழுவதும் அவன் பின்னாலேயே "திரும்பி ஓடுடா" என்று கத்திக்கொண்டிருந்தான். எங்கள் யார் சொல்லுக்கும் இல்லாத பலன் அந்தக் கத்தலுக்கு இருந்தது.

சரி, இனி நம் பள்ளியில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஒரு குழு, ஒன்பதும் பத்தும் ஒரு குழு, மேல்நிலை ஒரு குழு. மூன்று குழுவுக்கும் ஆடுகிற முறை ஒன்றே: கோல்கீப்பர் பந்தைக் கண்ணை மூடி உதைக்காமல் பக்கத்தில் நிற்கிற டிஃபன்ஸ் பையனுக்குத் தருவார், அங்கிருந்து பாஸ் பாஸாக மேலே போக வேண்டும். ஆறாம் வகுப்பில் இதைக் கற்றவன் பதினொன்றாம் வகுப்பில் பெரிய அணிக்குள் வரும்போது புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு நாலாம் நம்பர் பந்து, பெரியவர்களுக்கு ஐந்தாம் நம்பர். முழு மைதானத்தில் பதினொருவர் ஆட்டம் ஆறாம் வகுப்புக்குக் கிடையாது, ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழுதான். பெரிய மைதானத்தில் சின்னப் பிள்ளை ஒரு மணி நேரம் ஓடிக் காலில் பந்து நாலு தடவைதான் படும், சின்ன இடத்தில் ஆடினால் அது பல மடங்கு. யாரையும் இப்போதே "நீ கோல்கீப்பர், நீ ஃபார்வர்டு" என்று முத்திரை குத்த மாட்டோம். உயரமாக இருக்கிறான் என்று ஆறாம் வகுப்பிலேயே கோலில் நிறுத்தப்பட்ட பையன் காலால் ஆடக் கற்றுக்கொள்ளவே மாட்டான்.

தலையால் முட்டுவது பற்றிச் சில தாய்மார்கள் கேட்டிருந்தீர்கள், நல்ல கேள்வி. இங்கிலாந்தில் 2020-இலேயே தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவது வேண்டாம் என்று கால்பந்துச் சங்கம் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. நாமும் ஆறு, ஏழாம் வகுப்புக்கு அதைப் பழக்கப்போவதில்லை. தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாலும் அன்றைக்கு ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது, இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி.

காயத்தைக் குறைக்க வார்ம்-அப் மாற்றியிருக்கிறோம். ஃபிஃபாவின் மருத்துவப் பிரிவு உருவாக்கிய "11 ப்ளஸ்" என்ற இருபது நிமிடப் பயிற்சி அது: மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்துச் சரியாகத் தரையிறங்குவது, தொடைக்கும் வயிற்றுக்கும் வலு சேர்ப்பது என்று பதினைந்து பயிற்சிகள், எந்தக் கருவியும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,800-க்கும் மேற்பட்டோரை வைத்து ஒரு பருவம் முழுக்கச் சோதித்தபோது, இதைச் செய்த அணிகளில் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, 2008-இல் வெளிவந்த ஆய்வு. பிள்ளைகளுக்கு இது போரடிக்கிறது, நேரே பந்தைத் தொட ஆசை, அதனால் வேண்டுமென்றே இருபது நிமிடம் தாமதமாக வருகிறார்கள். வீட்டிலிருந்து நேரத்துக்குக் கிளப்பி விடுங்கள். கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்கவும் வேண்டாம். முதலில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள், வீக்கம் இறங்காவிட்டால், காலை ஊன்ற முடியாவிட்டால், டாக்டரிடம் போங்கள்.

இப்போது பத்தாம் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான். ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு ஆரம்பித்த உடனே நம் பள்ளியில் கால்பந்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் நிறுத்தப்படுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கற்றது காலில் படிந்து ஆட்டமாக மாறுகிற வயது பதினைந்து. அந்த ஒரு வருடத்தை வெட்டிவிட்டுப் பதினொன்றில் திரும்ப வருகிற பையன் எடை கூடி, மூச்சு வாங்கி, தன்னைவிடச் சின்னவனிடம் பந்தைப் பறிகொடுத்து, வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறான். பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை. அணி விழுவது இந்த இடத்தில்தான்.

படிப்பு கெடும் என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் முதலில் கணக்கு வாத்தியார், பிறகுதான் மற்றதெல்லாம். அதனால் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு: டிசம்பர் வரை வாரம் நாலு நாள், காலை ஆறு மணி முதல் ஏழேகால் வரை மட்டும், மாலை முழுவதும் உங்களுடையது. ஜனவரியில் வாரம் இரண்டு நாள். திருப்புதல் தேர்வு தொடங்கியதும் போட்டிக்கு அழைத்துப் போக மாட்டோம், விருப்பப்பட்டவர்கள் அரை மணி நேரம் ஓடிவிட்டுப் போகலாம். போட்டிக்காக வகுப்பு தவறினால் அந்தப் பாடத்தைச் சனிக்கிழமை காலை அதே ஆசிரியர் நடத்துவார், இதற்கு ஆசிரியர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. எந்தப் பாடத்திலாவது மதிப்பெண் சரிந்தால் நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வேன், அதுவரைக்கும் நிறுத்தாதீர்கள்.

விளையாட்டு ஒதுக்கீடு பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன, அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கெல்லாம் மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ்தான் பலமாக நிற்கும், மாவட்டக் கோப்பையை வைத்துக்கொண்டு சீட் கிடைக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது உடம்புக்கும் மனதுக்கும் நட்புக்கும்தான், என்னைக் கேட்டால் அதுவே போதுமான காரணம்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த வருடம் அணி உண்டு. நாம் இருப்பது கடலூர் மாவட்டம், இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம் மாவட்டத்துக்காரர், காவல்துறையில் உதவி ஆய்வாளர். தேசிய மகளிர் கால்பந்தில் தமிழ்நாடு 2018-இல் முதல் தடவையாகவும் 2023-இல் இரண்டாவது தடவையாகவும் பட்டம் வென்றது, ஆண்கள் அணிக்குக்கூடக் கிடைக்காத பெருமை அது. வெயிலில் கறுத்துப்போவாள், அரைக்கால் சட்டை போடணுமே என்கிற கவலைகள் வந்திருக்கின்றன. முழுக்கால் டைட்ஸ் போட்டு அதன்மேல் ஷார்ட்ஸ் போடலாம், ஆட்டத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. பயிற்சி முடியும்வரை ஒரு ஆசிரியை மைதானத்தில் இருப்பார். கறுத்துப்போவது பற்றி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, ஆடுகிற பிள்ளை வெயிலில் நிற்கத்தான் வேண்டும்.

பிறந்த தேதி விஷயத்தில் மட்டும் யாரும் என்னிடம் சிபாரிசோடு வராதீர்கள். வயதைக் குறைத்துக் காட்டி 17 வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்துவிடலாம் என்று வெளி ஆட்கள் சிலர் பெற்றோரிடம் பேசுவது என் காதுக்கு வந்திருக்கிறது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிற சோதனை இன்று இருக்கிறது, மாட்டினால் மொத்த அணியும் வெளியே போகும். மாட்டாவிட்டாலும் ஒரு உண்மையான பதினாறு வயதுப் பையனின் இடம் பறிபோகிறது. நம் பள்ளியில் அது நடக்காது.

ஆட்டத்தன்று நீங்கள் வந்து கை தட்டுங்கள், சத்தம் போடுங்கள், அது பிள்ளைகளுக்குத் தெம்பு. கோட்டுக்கு வெளியே நின்று "அடிடா, தூக்கி அடிடா" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாஸ் பண்ணு என்று பி.இ.டி. சார் (உடற்கல்வி ஆசிரியர்) ஆறு மாதம் சொல்லிக்கொடுத்ததை அப்பாவின் ஒரு குரல் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது, பாவம் அந்தப் பையன் இருவர் முகத்தையும் பார்த்து நிற்கிறான்.

சாப்பாடு: காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம், ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ போதும். முடிந்ததும் சுண்டலும் முட்டையும் முன்னாள் மாணவர்கள் செலவில் தருகிறோம். தண்ணீர் பாட்டில் கட்டாயம். பூட்ஸ் வாங்க முடியாத வீடுகள் தயங்காமல் பி.இ.டி. சாரிடம் சொல்லுங்கள், கால் பெரிதாகி விட்டுப்போன நல்ல ஜோடிகள் அறையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் சும்மா கிடப்பதையும் கொடுத்தனுப்புங்கள்.

மைதானத்துக்கும் உங்கள் உதவி வேண்டும். வடக்கு ஓரத்துக் கருவேல முள்ளில் குத்திப் போன பருவத்தில் பந்துகள் வரிசையாகப் போயின, பஞ்சர் ஒட்டினாலும் வால்வு பக்கம் காற்று நிற்பதில்லை. கிழக்கு கோல் பக்கம் மழைத் தண்ணீர் ஒரு வாரம் தேங்குகிறது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அரிவாள், மண்வெட்டி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள், இரண்டு லோடு மண் வந்து இறங்கும், பரப்பிவிட்டால் மழைக்கு முன் தயார். காலைச் சாப்பாடு பள்ளியில்.

இத்துடன் இருக்கிற படிவத்தில் பிள்ளையின் ரத்தப் பிரிவு, ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதி, அப்பா அல்லது அம்மா கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்துவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட பெற்றோர்கள் படிவத்தை வெறுமனே திருப்பி அனுப்பாமல் ஒரு தடவை என்னை நேரில் வந்து பாருங்கள், மாலை நாலரைக்கு மேல் மைதானத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்