பச்சைச் சீட்டில் முத்திரை குத்திய கைகளுக்கு

வார்டு மக்களுக்கும், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2020 ஜனவரி 6 அன்று ஒன்றியக் குழு உறுப்பினராக உறுதிமொழி எடுத்தேன். 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் மன்றத்துக்குப் பதிலாக அரசு அதிகாரி பார்க்கும் தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. பதவி முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய மடல் இது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் தள்ளிப்போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் இருக்கும் 4 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றில் ஐந்து வருஷமும் எதிர்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். தலைவர் பதவி எங்களிடம் இல்லை, நிதி ஒதுக்கும் பேனாவும் எங்களிடம் இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினருக்கு இருப்பது வாயும் மனுவும்தான். அந்த மனுக்களில் இருந்த சங்கதி அத்தனையும் நீங்கள் கொடுத்தது. யார் யார் என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் ஓட்டு. 58 வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம்கூட ஆகவில்லை, 2019 டிசம்பரில் தேர்தல். ஊரகத் தேர்தலில் ஓர் ஆளுக்கு நாலு சீட்டு, நாலு நிறம். வயசானவர்களுக்கு அது பெரிய குழப்பம். தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் அக்காமார் வேலை முடிந்து, கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, "ஒன்றியத்துக்குப் பச்சைச் சீட்டு, டீச்சருக்குப் பச்சை" என்று ஒவ்வொரு பாட்டியிடமும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள். அந்த அளவு பொறுமை எனக்கு வகுப்பில் வந்ததில்லை.

அப்புறம் சிறுபாலம். மேல் லயத்துப் பிள்ளைகள் பஸ் ஏற ஓடையைத் தாண்ட வேண்டும். சாய்ந்து விழுந்த சில்வர் ஓக் மரம் ஒன்றுதான் பாலம். மழைக்காலத்தில் அதில் பாசி பிடித்துவிடும். செருப்பைக் கழற்றிப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரியவன் கையைச் சின்னவள் பிடித்துப் பக்கவாட்டில் நகர்வார்கள். மூன்று கூட்டத்தில் கேட்டேன், கூட்டத்தில் விவாதிக்கும் மன்றப் பொருள் பட்டியலில் ஏறவில்லை. நாலாவது கூட்டத்தில் ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தேர்தல் நேரத்தில் என்னை எதிர்த்து வீடு வீடாகப் போனவர் அவர். "நேத்து நான் போய் அந்த மரத்துல நடந்து பார்த்தேன். பாதியில உட்கார்ந்துதான் வந்தேன். டீச்சர் கேக்குறது கட்சிக்கு இல்ல. வேணும்னா என் பேர்லயே போட்டுக்குங்க" என்றார். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் அந்த வேலை எடுக்கப்பட்டது. அண்ணே, திறப்பு நாளில் கூட்டத்தில் உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. எங்கள் கட்சிக்காரர்கள் படித்தாலும் பரவாயில்லை என்று இங்கே எழுதுகிறேன்: அது உங்கள் பாலம்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அதில் நானும் ஒருத்தி. பதினோரு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக்கு வந்தோம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-ல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமானது. அம்மா அங்கே கொழுந்தெடுத்த கூலியில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன்.

நம் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவனின் மகள், நர்சிங் சேர வேண்டிய நேரம், விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. இலங்கையிலிருந்து வந்ததற்குச் சான்றாக இருந்த குடும்ப அட்டை கரையான் அரித்துப் போயிருந்தது. ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் அந்தப் பிள்ளையின் பாட்டி தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். அடியில், பழைய சேலையில் சுற்றி, கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட். ஒரே படத்தில் ஆறு பேர். மடியில் இருந்த கைக்குழந்தையைக் காட்டி, "இதுதான் டீச்சர் உங்ககிட்ட படிச்சவன்" என்றார். அந்த ஒரு தாளை வைத்துத்தான் நாலாவது மனுவை எழுதினேன், சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டுப் பெட்டிகளை நீங்கள் திறந்து காட்டினீர்கள். ஐம்பது வருஷமாக அந்தத் தாள்களைக் காப்பாற்றி வைத்த பாட்டிமாருக்கு என் கும்பிடு.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஊட்டி போக விடியுமுன்னே ஜீப்பை எடுத்த தம்பிகள், டீசல் காசு மட்டும் வாங்கினீர்கள். என்னோடு வந்த அக்காமார் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்தீர்கள். கொரோனா முடக்கத்தில் லயம் லயமாக அரிசி சுமந்த இளைஞர்கள் இரண்டு கட்சிக்காரர்களும்தான். எனக்குச் சீட்டுக் கொடுத்த கட்சிக்கும், தோற்றுப்போகும் என்று தெரிந்தும் என் தீர்மானங்களுக்குக் கை தூக்கிய உறுப்பினர்களுக்கும் நன்றி.

மேல் லயத்துத் தெருவிளக்கு முடியவில்லை. யானை வருகிற வழி அது. நாலு மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, அடுத்து வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் கையில் கொடுப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். மனு எழுத வருகிறவர்கள் ஆதார் நகலோடு, வீட்டில் பழைய பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். மழை பெய்தால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்