உளியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகிறது. உளிப் பிடிகளில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை. அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பொரி கடலைப் பொட்டலம் கொடுப்பதிலும் வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதிலும் நேரம் போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

அம்பாசமுத்திரத்தில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குக் கடைசல் (லேத்தில் மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கிற வேலை) சொல்லித்தரும் நம் குழு தொடங்கி மூன்றரை வருடம் ஆகிவிட்டது. சொல்லித்தருபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது, பிள்ளைகளிடம் காசு வாங்குவதும் இல்லை. இப்போது 12 வயது முதல் 19 வயது வரை 16 பேர் வருகிறார்கள். அதில் 7 பேர் பெண் பிள்ளைகள்.

முதல் நன்றி கடைசல் தாத்தாவுக்கு. "பேரெல்லாம் போடாதய்யா, வேலை தெரிஞ்சவனுக்கு என்னைத் தெரியும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் பிள்ளைகள் கூப்பிடுகிறபடியே எழுதுகிறேன்.

இது சொப்புச் சாமான் கடைந்த ஊர். மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றிய குடம், உரல், உலக்கை, திருகை, அடுப்பு என்று ஒரு வீட்டுச் சமையலறையே உள்ளங்கை அளவில் வரும். தாத்தா அந்தப் பட்டறைகளில் கயிறு இழுக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். மோட்டார் இல்லாத பட்டறையில் ஒருவர் கயிற்றின் இரண்டு நுனியையும் மாற்றி மாற்றி இழுப்பார். கட்டை ஒரு தடவை இந்தப் பக்கம் சுழலும், அடுத்த தடவை அந்தப் பக்கம். உளி பிடிப்பவர் கட்டை தன் பக்கம் வருகிற சுற்றில் உளியை ஒட்டிப் பிடித்து, போகிற சுற்றில் விலக்க வேண்டும். தாத்தா ஒரு பழைய கயிற்றைக் கட்டையில் சுற்றி இதைச் செய்து காட்டியபோது, கூட்டத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் "எங்க ஆச்சி மோர் கடையிற மாதிரியே இருக்கு" என்றாள். மோரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று தாத்தாவிடம் நான் முதலில் போய்க் கேட்ட நேரத்தில், கூட இருந்த பெரியவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். சுழலுகிற கட்டை, கூர் உளி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. தாத்தா மட்டும், "கையில கொடுக்காம எப்படிப் பழகும்?" என்று கேட்டார். ஆனால் முதல் இரண்டு ஞாயிறும் மோட்டார் சுவிட்சில் யாரையும் கை வைக்க விடவில்லை. ஒரு பிள்ளை கட்டையைக் கையால் மெதுவாகச் சுற்ற, இன்னொரு பிள்ளை உளியை வைத்துப் பார்க்க வேண்டும். உளியின் சாய்ந்த முகம் முதலில் கட்டையில் உட்கார வேண்டும். அது உட்கார்ந்த பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் விளிம்பு தானாக மரத்தைத் தொடும். விளிம்பை நேராகக் கொண்டு குத்தினால் உளி மாட்டிக்கொள்ளும், கட்டை தெறிக்கும். இதைப் பிள்ளைகள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, மணிக்கட்டால் தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது ஞாயிறு மோட்டார் ஓடியபோது ஒருத்தர் கையும் நடுங்கவில்லை. இதுவரை தையல் போடுகிற அளவுக்கு ஒரு காயமும் இல்லை. அதற்கு அந்த இரண்டு ஞாயிறுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்து, அம்மாக்களுக்கு. லேத் பக்கத்தில் தொங்குகிற எதுவும் இருக்கக் கூடாது. துப்பட்டா, அவிழ்ந்த சடை, வளையல், கையுறை எதுவுமே கூடாது. கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; சுழலுகிற கட்டை அதன் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். இதையெல்லாம் எளிதாகச் சொல்லிவிட்டேன். கோயிலில் கட்டிய கயிறுதான் சிக்கலாக இருந்தது. வேண்டுதலுக்குக் கட்டியதை எப்படிக் கழற்றுவது என்று ஒரு தாயார் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் அவரே மகனின் கையிலிருந்த கயிற்றை அரைஞாணில் முடிந்து அனுப்பிவைத்தார். மற்ற வீடுகளும் அப்படியே செய்தன. பிள்ளைகளுக்குக் கை இறுக்கமான, முன்பக்கம் பையில்லாத மேலங்கி தைத்துக்கொடுத்த தையல்கார அக்காவுக்கும் இங்கேயே நன்றி. பை வைத்தால் சீவல் உள்ளே குவியும் என்று அவர் ஒரு நாள் வந்து நின்று பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னார்.

இடம் கிடைத்த கதை கொஞ்சம் வருத்தமானது. முதலில் தருவதாகச் சொன்ன கூடம் தொடங்குகிற வாரத்தில் இல்லை என்றாகிவிட்டது. சரி, அது போகட்டும். அன்று சாயங்காலமே தன் பழைய அரிசி ஆலைக் கொட்டகையின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்த அண்ணாச்சியை நான் மறக்க மாட்டேன். வாடகை கேட்கவில்லை. கரண்டு பில்லில் பாதியை இன்றுவரை அவரே கட்டுகிறார்.

மரவாடி மாமாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். முதல் வருடம் அவர் கொடுத்த பச்சை வேப்பங்கட்டைகளை அவசரப்பட்டுக் கடைந்தோம். பிள்ளைகள் ஆசையாகச் செய்த கிண்ணங்கள் பத்தே நாளில் வாய் பிளந்தன. இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். மாமா எங்களைத் திட்டவில்லை. வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகு பூசி, நிழலில், காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கச் சொல்லிக்கொடுத்தார். வெட்டுமுகம் வழியாக ஈரம் வேகமாகப் போவதால்தான் அங்கே வெடிக்கிறது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது அவர் கணக்கு. இப்போது கொட்டகைச் சுவரோரம் வேம்பு, பூவரசு, மஞ்சணத்தி என்று தேதி எழுதிய கட்டைகள் காத்திருக்கின்றன. மஞ்சணத்தியை அறுத்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும், கனமும் குறைவு. அதனால்தான் மாட்டு வண்டிக்கு நுகத்தடி அதில் செய்தார்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு முதலில் அந்தக் கட்டையைத்தான் கொடுக்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 இங்கே இருந்த யாருக்கும் மறக்காது. தாமிரபரணி கரை மீறி வந்தது. தண்ணீர் வடிந்து கொட்டகைக்குப் போனபோது மூன்று லேத்தும் சேற்றில் நின்றன, மோட்டார்களுக்குள் மணல். குழு இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்து வைத்தேன். மறுநாள் காலையில் 11 பிள்ளைகள் மண்வெட்டியோடு நின்றார்கள். அவர்களில் நான்கு பேர் வீட்டில் அப்போதும் ஈரம் காயவில்லை. கல்லிடைக்குறிச்சியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன், தன் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்த நிலையில், மூன்று மோட்டாரையும் சைக்கிளில் ஒவ்வொன்றாகக் கட்டி எடுத்துப் போனார். வருடப் பிறப்புக்கு முன்னால் மூன்றும் ஓடின. கம்பிக்கான காசு மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி என்று பேச்செடுத்தபோது, "எம் பொண்ணு பெரியவளானதும் சேத்துக்கிடுங்க" என்றார். அண்ணே, அவளுக்கு 12 வயது முடிந்ததும் இடம் உண்டு. ஐப்பசி மழை வரும் முன் இந்த முறை லேத்துகளை இரண்டடி மேடையில் ஏற்றிவிட்டோம். மேடை கட்டிய கொத்தனார் அண்ணனுக்கும் சித்தாள் அக்காக்களுக்கும் நன்றி.

அரக்கு வேலைதான் பிள்ளைகளுக்கு உயிர். புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சிகள் சுரப்பது அரக்கு. நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் சொப்பின் மேல் அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே இளகி மரத்தில் பரவும். அதன் மேல் தாழை ஓலையை மடித்து அழுத்த, திட்டுத் திட்டாக இருந்த நிறம் ஓடிச் சேர்ந்து கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்த நொடியில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய்க்கால் கரையிலிருந்து முள் சீவிய தாழை ஓலையை வாராவாரம் கொண்டுவரும் ஆச்சிக்கு எங்கள் எல்லோர் சார்பிலும் வணக்கம்.

ஒரு பையன், ஆந்திராவில் ஏட்டிக்கொப்பாக்கா என்ற ஊரின் மரப் பொம்மைகளுக்குத் தாவரச் சாயங்களை மீட்டுக் கொண்டுவந்த சி.வி. ராஜுவுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு வந்து, நாமும் செய்யலாமா என்று கேட்டான். கடித்து விளையாடுகிற குழந்தைகளுக்குத்தானே சொப்பு, அப்படியானால் நிறமும் வாயில் போகக் கூடியதாக இருக்க வேண்டும் என்றான். அவன் கேள்விக்காகவே நாட்டு மருந்துக்கடை அக்கா மஞ்சளும் சாப்பிரா விதையும் அவுரிப் பொடியும் கொடுத்தார். மஞ்சள் வெயிலில் வெளுக்கிறது, அதற்கு இன்னும் வழி தேடுகிறோம். சாப்பிராவின் செம்மஞ்சள் அழகாக வந்திருக்கிறது. அந்த நிறத்தில் 40 சொப்புகள் இந்த வாரம் அங்கன்வாடிக்குப் போகின்றன.

கடைசியாகப் பிள்ளைகளே, உங்களுக்கு. பம்பரம் நேராக நின்று சுழல்கிற வரை ஏழு தடவை திரும்பக் கடைந்தவனுக்கு. ஆச்சிக்குக் கீரை மத்து கடைந்து கொடுத்து, அது கையில் உறுத்துகிறது என்று அவர் சொன்னதும் மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவளுக்கு. முடிந்ததும் சீவலைக் கூட்டி வாரிவிட்டுப் போகிற எல்லோருக்கும்.

தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஒரு மாதம் தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் கொட்டகை வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலி போட்டு உட்காருகிறார். போன ஞாயிறு உள்ளே மூன்று லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து சத்தம் வந்தது: "ரெண்டாவது மெஷின்ல யாருல, உளிய அழுத்தாத, சாணை பிடிச்சிட்டு வா." போய்ப் பார்த்தால், உளி உண்மையிலேயே மழுங்கியிருந்தது.

நன்றியுடன்,
ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கொட்டகையைத் திறப்பவன்