சாவடியில் நிற்கும் செல்

ஆசிரியருக்கு வணக்கம்.

செல் பிரிதல் பற்றிய தங்கள் கட்டுரை, டிஎன்ஏ சேதமடைந்தாலே புற்றுநோய் வந்துவிடும் என்பதுபோல் பயமுறுத்துகிறது. அப்படியில்லை. நான் செங்கோட்டைக்காரன். கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடியில் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவன். செல்லுக்குள்ளும் அப்படியொரு சாவடி உண்டு.

அமெரிக்காவின் லீலண்ட் ஹார்ட்வெல்லும் டெட் வைனெர்ட்டும் 1988இல் அதை ஈஸ்டில் காட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கள்ளப்ப மாவைப் பொங்கவைக்கிறதே, அந்த இனம்தான். எக்ஸ்ரே பட்டு டிஎன்ஏ சேதமடைந்த ஈஸ்ட், அதைச் சரிசெய்யும்வரை பிரியாமல் காத்திருந்தது. ரேட்9 என்ற மரபணு இல்லாத ஈஸ்டோ நிற்காமல் பிரிந்து மடிந்தது. அடுத்ததுதான் எனக்குப் பிடித்த சோதனை: அந்த ஈஸ்டையே மருந்து கொடுத்துச் சற்று நேரம் நிறுத்திவைத்தார்கள். பல செல்கள் பிழைத்துக்கொண்டன! பழுதுபார்க்கத் தெரிந்திருக்கிறது, நிற்கத்தான் தெரியவில்லை.

ஹார்ட்வெல்லுக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் உடலில் இந்தக் காவலில் முக்கியப் பங்கு பி53 என்ற புரதத்துக்கு. ஏறத்தாழ பாதிப் புற்றுநோய்களில் அதன் மரபணு பழுதாகியிருக்கும். முழுப்பக்கக் கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லையே, ஐயா?

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
செங்கோட்டை