கேஷுவாலிட்டியிலிருந்து கிளம்பிய இயக்குநர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு சண்டைப் படம் எடுக்கப் போவதாக ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னபோது நான் திடுக்கிடவில்லை. என்றாவது ஒருநாள் அதைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேச்சோடு பேச்சாக, "இத்தனை வருஷம் எமர்ஜென்சியில் நின்றது எல்லாம் வீண், அம்மா" என்றாயே, அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் கட்சிக்குச் சாட்சியாக 'மேட் மேக்ஸ்' படங்களை இயக்கிய ஜார்ஜ் மில்லரைச் சொன்னாய். அவரும் மருத்துவத்தை உதறிவிட்டு வந்தவர்தானே என்று கேட்டாய். அதன்பிறகு இந்த மூன்று வாரமாக அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவருடைய படங்களை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அதே சாட்சியை என் பக்கம் நிறுத்தித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் 1945-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், சின்சில்லா என்ற சிற்றூரில், கிரேக்கக் குடியேறிகளின் வீட்டில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். நேரான நெடுஞ்சாலையும் வேகமான கார்களுமே இளைஞர்களின் உலகமாக இருந்த ஊர் அது. பதின்பருவம் முடிவதற்குள் அவரோடு வளர்ந்தவர்களில் சிலர் சாலை விபத்துகளில் இறந்துபோனார்கள். இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து மருத்துவம் படித்தார். கடைசி ஆண்டில் தம்பியோடு எடுத்த ஒரு நிமிடப் படத்துக்குப் பரிசு கிடைக்க, 1971-இல் மெல்போர்னில் நடந்த திரைப்படப் பயிலரங்குக்குப் போய், பின்னாளில் தன் படத்தைத் தயாரித்த பைரன் கென்னடியை அங்கே சந்தித்தார். அதன் பிறகும் அவர் உடனே ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். நீ இப்போது இருக்கும் அதே சிட்னியில், செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக நின்று, விபத்தில் அடிபட்டு வந்தவர்களைப் பார்த்தார்.

முதல் படத்துக்குப் பணம் திரட்டிய காலத்தில் அவசர அழைப்பு வந்த வீடுகளுக்கெல்லாம் மருத்துவராகப் போய்வந்தார். வண்டி ஓட்டியவர் கென்னடி. 1979-இல் வெளியான அந்த 'மேட் மேக்ஸ்', நான்கு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குள் முடிந்து, உலகம் முழுவதும் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. போட்ட பணத்துக்கு அதிக லாபம் தந்த படம் என்ற கின்னஸ் சாதனை நெடுநாள் அதன் பெயரில் இருந்தது. எனக்கு மனத்தில் நிற்பது அந்தக் கணக்கன்று. முதல் துரத்தல் காட்சியில் மோதிச் சுழலும் அந்த நீல வேன் மில்லருடைய சொந்த வேன். படத்தொகுப்பும் ஒரு வீட்டுக்குள்தான் நடந்தது: மில்லர் சமையலறையில் படத்தை வெட்டி ஒட்ட, கூடத்தில் கென்னடி ஒலியைச் சேர்த்தார், அவர்கள் வேலை செய்த இயந்திரத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் பொறியாளரான கென்னடியின் அப்பா. மகனுடைய கனவுக்குத் தன் கைத்தொழிலைக் கொடுத்த அந்தத் தகப்பனை நினைத்து, நான் உனக்கு எதைத் தர முடியும் என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன்.

அந்தப் படத்தில் தீக்காயம் பட்ட நண்பனைப் பார்க்க நாயகன் மேக்ஸ் மருத்துவமனைக்கு வரும் இடத்தை நீ எத்தனை முறை பார்த்திருப்பாயோ தெரியாது. நான் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். கட்டிலை மூடிய துணிக்கு வெளியே கருகிய கை ஒன்று விழுகிறது. மேக்ஸ் துணியை விலக்கி உள்ளே பார்க்கிறான். நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் அவனுடைய முகம். முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன், தீக்காய வார்டு வாசலில் நின்று உறவினர்களின் முகத்தைப் பார்த்தவரால்தான் கேமராவை அந்தப் பக்கம் திருப்ப முடியும். மேக்ஸின் மனைவியும் குழந்தையும் வண்டிகளால் மோதப்படும்போதும் சாலையில் உருளும் ஒரு காலணியும் பந்தும் தவிர வேறெதுவும் இல்லை. உடம்பு என்ன ஆகும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் எதைக் காட்டாமல் விடலாம் என்பதும் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் பாகம் 1981-இல் வந்தது. 1983-இல் கென்னடி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்றுதான். மூன்றாம் பாகத்தை 1985-இல் இன்னொருவரோடு சேர்ந்து இயக்கினாலும், அந்த இழப்புக்குப் பிறகு மில்லர் நெடுங்காலம் வேறு வகைப் படங்களுக்குப் போய்விட்டார். அவற்றில் 1992-இல் வந்த 'லொரன்சோஸ் ஆயில்' படத்தை நீ பார்க்காமல் இருந்தால் இந்த வாரமே பார். ஏ.எல்.டி. என்னும் அரிய நோய் கண்ட மகனுக்காக, மருத்துவம் படிக்காத ஒரு தாயும் தகப்பனும் நூலகத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து வழி தேடிய உண்மைக் கதை அது. அதை ஒரு மருத்துவர் எடுத்திருப்பதால்தான் மருத்துவர்களின் தயக்கமும் பெற்றோரின் அவசரமும் இரண்டுமே நியாயமாகத் தெரிகின்றன.

பிறகு, எழுபது வயதில், 'மேட் மேக்ஸ்' வரிசையின் நான்காம் படமான 'ஃப்யூரி ரோட்'. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திட்டமிட்டு, அமெரிக்க டாலர் சரிந்ததால் ஒருமுறை நின்று, பிறகு ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் எடுக்கப் போனபோது என்றும் இல்லாத மழை பெய்து பாலை நிலமெல்லாம் பூத்துவிட்டதால் மறுபடி நின்று, கடைசியில் 2012-இல் நமீபியாவில் எடுத்து, 2015-இல் வெளியிட்டார்கள். வசனம் எழுதுவதற்குப் பதிலாக ஏறத்தாழ 3,500 சித்திரங்களாகத்தான் கதையை முதலில் வரைந்தார்கள். சுமார் 480 மணி நேரக் காட்சிகளை இரண்டு மணி நேரமாக்கியவர் அவருடைய மனைவி மார்கரெட் சிக்ஸல். அதற்கு முன் சண்டைப் படம் எதையும் தொகுக்காதவர். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆறு ஆஸ்கர்களில் ஒன்று அவருடையது. ஒவ்வொரு ஷாட்டிலும் பார்க்க வேண்டிய பொருள் திரையின் நடுவிலேயே இருப்பதால், 2,700 வெட்டுகள் இருந்தும் என் வயதுக் கண்ணுக்குக்கூட எங்கே பார்ப்பது என்ற தடுமாற்றம் வரவில்லை. ஓடும் வண்டிகளில் நீண்ட கம்பங்களின் உச்சியில் ஆடும் ஆட்கள் உண்மையான ஆட்கள். அவர்களைப் பழக்கிய ஸ்டண்ட் கலைஞர் கய் நாரிஸ், 'மேட் மேக்ஸ் 2'-இல் ஒரு ஸ்டண்டில் தொடை எலும்பு முறிந்தவர்.

இப்போது நான் சொல்ல வந்த இடம். 'ஃப்யூரி ரோட்'டின் கடைசித் துரத்தலில், குத்துப்பட்ட நாயகி ஃப்யூரியோசா மூச்சுக்குத் திணறுகிறாள். நெஞ்சுக்கூட்டில் காற்று நிரம்பி நுரையீரல் சுருங்குகிறது என்று மேக்ஸ் சொல்லி, விலாவில் கத்தியை இறக்கிக் காற்றை வெளியே விடுகிறான். பின்பு தன் ரத்தத்தைக் குழாய் வழியே அவளுக்கு ஏற்றிக்கொண்டே தன் பெயரைச் சொல்கிறான். படம் தொடங்கும்போது அவனைக் கட்டிவைத்து ரத்தப் பையாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அதே ரத்தத்தை இப்போது அவன் தானாகக் கொடுக்கிறான். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் "நியூமோதோராக்ஸ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மில்லர் வார்டில் கற்றது அந்தக் காட்சியில் வந்து நிற்கிறது, பாப்பா. இதை எப்படி நீ வீண் என்பாய்?

வேலையை விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடுவதானாலும் மருத்துவர் பதிவை விட்டுவிடாதே. மாதத்தில் சில நைட் டியூட்டிகள் பார்த்தால் வாடகைக்கும் ஆகும், கண்ணும் மழுங்காது. மில்லருக்குக் கென்னடி கிடைத்ததுபோல, உன்னோடு வண்டி ஓட்டிவர ஒருவர் கிடைக்கும்வரை பெரிய கடன் வாங்காதே. நீ எழுதிவைத்திருக்கும் கதையில் அடிபடுகிறவன் உடனே எழுந்து ஓடுகிறான். அவனுக்கு எங்கே அடி, எவ்வளவு ரத்தம் போயிற்று என்று உன் கேஸ் ஷீட்டில் எழுதுவதுபோல முதலில் எழுதிப் பார்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஒரு நைட் டியூட்டியில் பைக் விபத்தில் அடிபட்டு வந்த பையனைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்டிரெச்சரில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே, சிஸ்டர்? அண்ணன் வண்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தான், விடிவதற்குள் போய்விட்டான். அதை உன் படத்தில் வைக்க வேண்டும் என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. வைத்துக்கொள். ஆனால் அந்தப் பையனுடைய முகத்தைக் காட்டாதே. அவன் அம்மா இன்னும் நம் தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறார்.

அன்புடன்,
அம்மா